உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத உலகம்

2016ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி ஓகுலஸ் நிறுவனம் 'ரிஃப்ட்' என்ற தன் விஆர் (மெய்நிகர் உலக) ஹெட்செட்டுக்கு விலை சொன்னது. 599 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 40,000 ரூபாய். அதை ஓட்டும் அளவுக்குத் திறனுள்ள கணினியையும் சேர்த்து வாங்கினால் 1,499 டாலரில் ஆரம்பம், அதாவது ஒரு லட்சம் ரூபாய். நிறுவனத்தைத் தொடங்கிய பால்மர் லக்கி, முந்தைய ஆண்டுதான் விலை 350 டாலரை ஒட்டி இருக்கும் என்கிற மாதிரிப் பேசியிருந்தார். எதிர்பார்ப்பை அப்படி வளர்த்துவிட்டதற்கு அவரே பொதுவெளியில் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 28ஆம் தேதி பெட்டிகள் கிளம்பின. உதிரிபாகத் தட்டுப்பாட்டால், முதல் நாளே பணம் கட்டியவர்களில் பலர் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். முதலில் விற்பனைக்கு வந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. திருநெல்வேலியில் ஒருவருக்கு அது வேண்டுமென்றால் அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ மச்சானோ ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவர வேண்டும். போட்டிச் சரக்கான எச்டிசி வைவ் 2017இல் முறைப்படி இந்தியாவுக்கு வந்தது. விலை 92,990 ரூபாய், கணினி தனி.

அடுத்து நடந்தது முதலில் வாங்கியவர்களை நேராகக் குத்தியது. கையில் பிடிக்கும் டச் கன்ட்ரோலர் ரிஃப்டோடு வரவில்லை. 2016 டிசம்பரில் தனியாக 199 டாலருக்கு வந்தது. 2017 ஜூலையில் ஹெட்செட்டும் கன்ட்ரோலரும் சேர்ந்தே 399 டாலர் என்றானது. ஆசைப்பட்டு முதல் நாளே வாங்கியவர் இரண்டுக்குமாக 798 டாலர் கொடுத்திருந்தார். பதினாறு மாதம் பொறுத்தவர் அதில் பாதி கொடுத்தார்.

காசு போன வருத்தம் நாள்பட ஆறிவிடும். வாங்கியவர்களில் பலர் முதல் வாரம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மாட்டிக் காட்டிவிட்டு, அடுத்த மாதம் அலமாரியில் ஏற்றிவிட்டார்களே, அதுதான் எனக்கு முக்கியமான செய்தி. ஏன் மாட்டுவதில்லை என்று கேட்டால் பதில் தெளிவாக வராது. படம் அவ்வளவாகத் தெரியவில்லை, தலை கனக்கிறது, ஒரு மாதிரி இருக்கிறது என்பார்கள். தெளிவில்லாத இந்தக் குறைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் துல்லியமான எண் ஒன்று உண்டு. அந்த எண்கள் ஹெட்செட் விற்பனைக்கு வருவதற்கு முன்பே தெரிந்தவை. நம் சென்னையிலேயே வகுப்பில் சொல்லிக் கொடுக்கப்பட்டவை.

ஸ்டீவன் லவால் அப்போது இலினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஓகுலஸ் தொடங்கிய 2012இலேயே அங்கே விஞ்ஞானியாகச் சேர்ந்து, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நொடிக்கு 1,000 முறை அளக்கும் உணரிகளின் கணக்கை எழுதியவர்களில் ஒருவர். அவர் 2015இல் சென்னை ஐஐடிக்கு வந்து மெய்நிகர் உலகம் பற்றி ஒரு முழுப் பாடம் நடத்தினார். அந்த வகுப்புகள் என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்தின் காணொளிகளாக இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினித் துறைப் பாடம்தான். ஆனால் விழித்திரை, உட்காது, இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழம் காணும் முறை என்று உடலியலுக்கும் அதில் கணிசமான இடம் உண்டு. ரிஃப்ட் கடைக்கு வர அப்போது இன்னும் பல மாதங்கள் இருந்தன.

முதலில் கண்ணை எடுத்துக்கொள்வோம். ரிஃப்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் 1080க்கு 1200 புள்ளிகள் கொண்ட தனித்திரை. கைப்பேசி விளம்பரத்தில் படித்தால் பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் கைப்பேசித் திரை நம் பார்வைப் பரப்பில் சிறு சதுரம். இங்கே அதே புள்ளிகளை லென்ஸ் இழுத்துப் பெருக்கி ஏறக்குறைய 90 டிகிரிக்குப் பரப்புகிறது. 1080ஐ 90ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 12 புள்ளி. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் ஒரு டிகிரிக்குள் சுமார் 60 புள்ளிகளைப் பிரித்துப் பார்க்கும்.

இந்த எண்ணைக் கண் மருத்துவமனையின் மொழிக்கு மாற்றிப் பாருங்கள். திருநெல்வேலி ஜங்ஷனில், சுவாமி நெல்லையப்பர் நெடுஞ்சாலையில் 1988 முதல் இயங்கும் அரவிந்த் மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு அந்த எழுத்துப் பலகை தெரியும். மேலே ஒற்றை எழுத்து பெரிதாக, கீழே போகப் போக வரிவரியாகச் சிறியதாக. கடைசிவரை தடுமாறாமல் படித்தால் 6/6. டிகிரிக்கு 60 புள்ளி என்பது ஏறத்தாழ அதுதான். 12 புள்ளி என்றால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 6/30. மேலேயிருந்து இரண்டு வரி படித்துவிட்டு மூன்றாவதில் நின்றுவிடுகிற பார்வை. கண்ணாடி போட்ட பிறகும் 6/18க்குக் கீழே இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அது பார்வைக் குறைபாடு. நல்ல கண்ணுள்ள ஒருவர் 40,000 ரூபாய் கொடுத்து ஹெட்செட்டை மாட்டியதும், அதைக் கழற்றும்வரை, பார்வைக் குறைபாடுள்ளவராகிறார். படம் அவ்வளவாகத் தெரியவில்லை என்று அவர் சொன்னதன் பொருள் இதுதான். புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள் கொசுவலை போலக் கண்ணை மறைப்பதும் இதே கணக்கின் விளைவு.

அடுத்தது வயிறு. அதற்கு முன்னால் ஒரு சோதனை, இப்போதே செய்யலாம். இந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் இடம் வலமாக வேகமாக ஆட்டிக்கொண்டே படியுங்கள். படிக்க முடியும். இப்போது தலையை அசைக்காமல் பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். இரண்டிலும் கண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே இருக்கும் அசைவு ஒன்றுதான். தலை அசையும்போது மட்டும் உட்காது அந்த அசைவை அளந்து கண் தசைக்குச் சொல்லிவிடுகிறது. விழி எதிர்ப்பக்கம் திரும்பி ஈடுகட்டுகிறது. இதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு, 10 மில்லி நொடி அளவுதான்.

ஹெட்செட் போட்டி போட வேண்டியது இந்த வேகத்தோடு. தலை நொடிக்கு 100 டிகிரி வேகத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம், யாராவது கூப்பிட்டால் திரும்புகிற வேகம். படம் 50 மில்லி நொடி தாமதமாக வந்தால், உலகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 5 டிகிரி தள்ளி இருக்கும். தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் சுவரும் தரையும் பின்னால் இழுபட்டு வந்து ஒட்டிக்கொள்ளும். தாமதம் 20 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட வரம்பு. ஆகவேதான் தலை அடுத்து எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்துப் படம் வரையும் உத்தி வந்தது. 2013இல் மென்பொருள் எழுதுபவர்களுக்காக 300 டாலருக்கு வந்த முதல் ஓகுலஸ் மாதிரி தலை திரும்புவதை மட்டும்தான் கண்டுகொண்டது. முன்னால் குனிந்தால் உலகமும் கூடவே குனிந்தது. 2016 ரிஃப்ட் அதைச் சரிசெய்து நொடிக்கு 90 படம் காட்டியது. மெய்யாகவே பெரிய சாதனை. அதைச் செய்தவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இருந்தும் வயிறு புரண்டது. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை மலைக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வளைவுக்கு வளைவு உடம்பு சாய்கிறது. உட்காதில் அரை வட்டக் குழாய்கள் மூன்று இருக்கின்றன, தலை சுழல்வதை அளக்க. நேர்ப்போக்கையும் புவியீர்ப்பையும் அளக்கச் சுண்ணாம்புத் துகள் படிந்த இரண்டு பைகள். அவை அத்தனையும் நாம் நகர்கிறோம் என்கின்றன. முன் சீட்டின் முதுகையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், நாம் அசையவில்லை என்கிறது. மாஞ்சோலை வருவதற்குள் யாராவது ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவார். டிரைவருக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. அடுத்த வளைவு எப்போது என்று அவர் கைக்குத் தெரியும், மூளை முன்பே தயாராகிவிடுகிறது.

ஹெட்செட்டில் இதே சண்டை தலைகீழாக நடக்கிறது. நகர்கிறோம் என்கிறது கண், இல்லை என்கிறது காது. ரிஃப்ட் பெட்டியில் வந்தது எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக்கான கன்ட்ரோலர். நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலால் தள்ளினால் கண்ணுக்கு முன்னால் நடை, ஓட்டம், பறத்தல் எல்லாம் நடக்கும். சுண்ணாம்புத் துகள் இம்மியும் அசையாது. கண்ணும் காதும் இப்படி முரண்படும்போது வயிறு ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? 1977இல் டிரைஸ்மன் என்ற உளவியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். இயற்கையில் புலன்கள் இப்படிக் குழம்புவது பெரும்பாலும் நச்சுக்காயோ நச்சுக் கீரையோ தின்றால்தான். ஆகவே உடம்பு முதல் வேலையாக வயிற்றைக் காலி செய்யப் பார்க்கிறது. இது இன்னும் கருதுகோள்தான், முற்றாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் வாங்கியவர்கள் இதைத் தங்கள் பலவீனம் என்று நினைத்துக் கூச்சப்பட்டார்கள் என்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. குமட்டினால் உட்காது ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். உட்காதின் இந்த உறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு பஸ் குமட்டலே வருவதில்லை.

நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் விஆர் கடை போடுகிறவர்கள் பெரும்பாலும் ரோலர் கோஸ்டரைத்தான் காட்டுகிறார்கள். கண்ணுக்கும் காதுக்கும் அதைவிடப் பெரிய சண்டையை மூட்டும் காட்சி வேறில்லை. ஆனால் ஓட்டம் இரண்டு மூன்று நிமிடம். கத்துகிறார்கள், சிரிக்கிறார்கள், கழற்றிக் கொடுத்துவிட்டு அப்பளம் வாங்கப் போய்விடுகிறார்கள். 2012இல் தொடங்கி ஹெட்செட்டை உலகுக்கு விற்றதே இப்படிப்பட்ட குறுங்காட்சிதான். மாட்டிய முதல் நிமிடத்தில் வியப்பு வந்துவிடும். குமட்டலும் கழுத்து வலியும் கண் சோர்வும் நேரம் எடுத்துக்கொண்டு சேரும், சிலருக்குப் பத்து நிமிடத்தில், சிலருக்கு அரை மணியில். முடிவெடுக்கக் கொடுத்த நேரம், உடம்பு தன் கருத்தைச் சொல்லி முடிக்கும் நேரத்தைவிடக் குறைவு. முதல் வாங்குநர்களின் ஏமாற்றத்தை இந்த நேர வித்தியாசமே பெருமளவு விளக்கிவிடும் என்பது என் கருத்து. செய்தவர்களுக்கு இது தெரியாததல்ல. விற்கும் இடத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு நண்பன் வீட்டுக்கு அப்படி ஒரு வைவ் கடல் கடந்து வந்தது. சித்திரை மாதம். அறையின் இரண்டு மூலைகளில் ஆளுயரத்துக்கு மேல் இரண்டு சிறு பெட்டிகளை ஆணியடித்து மாட்ட வேண்டும். இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் தரை காலியாக வேண்டும். கட்டிலைச் சுவரோடு தள்ளி, தையல் மெஷினைத் திண்ணைக்குக் கொண்டுபோய் இடம் பண்ணியாயிற்று. அவன் கையை உயர்த்தி எதையோ பிடிக்கப் போனபோது அவன் அம்மா அலறிவிட்டார். "ஏலே, ஃபேன்ல கை அடிபட்டுராம, கீழ எறக்கு!" மின்விசிறியை நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் முகத்தை ஒட்டிய பஞ்சுப் பட்டை வியர்வையில் ஊறி, லென்ஸ் புகைபோல மங்கியது. ஓட விட்டால் கையைத் தூக்க முடியாது. குளிரூட்டிய பெரிய அறைகளையும் விசிறி தொங்காத கூரையையும் மனதில் வைத்துச் செய்த கருவி அது.

அவனுக்கு அதில் ஒரு பெரிய ஆசை இருந்தது. 2016 நவம்பரில் கூகுள் எர்த் விஆர் வந்திருந்தது. உலகத்தின் மேல் பறந்து எந்த ஊரிலும் இறங்கலாம். நியூயார்க்கில் கட்டடங்கள் கண்ணெதிரே எழுந்து நின்றன. பிறகு ஊரைத் தேடி வந்தான். மேற்கே பொதிகை மெய்யாகவே உயர்ந்தது. 1,868 மீட்டர் அகத்தியமலை தோளுக்கு அருகே வந்து நின்றது, விண்வெளியிலிருந்து நிலத்தின் உயரத்தை அளந்த தரவு உலகம் முழுவதற்கும் இருந்ததால். அங்கிருந்து தாமிரபரணியைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கி, பாபநாசம், அம்பை, சேரன்மகாதேவி தாண்டி நெல்லைக்கு வந்தால், நெல்லையப்பர் கோயில் கோபுரம் தரையோடு தரையாக, சாயம் பூசியதுபோலப் படுத்துக்கிடந்தது. நாலு ரத வீதிகளும் வெறும் கோடுகள். நியூயார்க் எழுந்து நிற்க வேண்டுமானால் விமானம் தாழப் பறந்து பல கோணங்களில் படமெடுத்திருக்க வேண்டும். இங்கே அப்படி எடுக்கவில்லை. தெருமட்டத்தில் படமெடுக்கும் ஸ்ட்ரீட் வியூவுக்கும் 2016இல் இந்திய அரசு அனுமதி மறுத்திருந்தது, 2022இல்தான் வந்தது. கருவியின் குறை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அவன் முகத்தில் நான் பார்த்த ஏமாற்றம், குமட்டலால் வந்ததைவிடப் பெரியது.

கழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றிலிருந்து குடத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு படியேறும் பெண்களுக்குப் பத்துப் பதினைந்து கிலோ சுமை முதுகெலும்பின் நேர்மேலே இறங்குகிறது. ஹெட்செட்டின் அரைக் கிலோவோ முகத்துக்கு முன்னால் தொங்குகிறது. பின்கழுத்துத் தசை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு, அதாவது சுமார் 2.9 லட்சம் ரூபாய்க்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ, பேட்டரியைத் தனியே பிரித்துச் சட்டைப் பைக்கு அனுப்பிய பிறகும் 600 கிராமுக்கு மேல். தலைவலி, கன்னத்தில் அழுத்தம் என்று சொல்லி 14 நாள் கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்தவர்களைப் பற்றிய செய்திகள் உடனே வரத் தொடங்கின. 2025 அக்டோபரில் வந்த அடுத்த பதிப்பின் எடை கூடியிருந்தது, 750 கிராமுக்கும் மேல். ஆனால் பின்தலைப் பட்டையில் எதிர்எடைக்காக டங்ஸ்டன் வைத்திருந்தார்கள். எடையைவிட அது எங்கே நிற்கிறது என்பதுதான் கழுத்துக்குக் கணக்கு.

அந்த விஷன் புரோ, எழுத்துப் பலகைச் சோதனையில் பெருமளவு தேறிவிட்டது. டிகிரிக்குச் சுமார் 34 புள்ளி. தாமதப் பிரச்சினையும் ஏறக்குறைய தீர்ந்தது. ஆனால் வைரம் போலக் கெட்டியான சிக்கல் ஒன்று 2016இலும் இருந்தது, இன்றும் விற்பனைக்கு இருக்கும் ஹெட்செட்டுகளில் இருக்கிறது.

ஒரு விரலை முகத்துக்கு முன் 30 சென்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். கண் இரண்டு வேலை செய்கிறது. இரண்டு விழியும் மூக்குப் பக்கம் திரும்புகின்றன, இரண்டு பார்வைக்கும் நடுவே சுமார் 12 டிகிரி கோணம். கூடவே கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தடித்து, கிட்டப் பார்வைக்குக் குவிகிறது. இந்த இரண்டும் குழந்தைப் பருவத்திலிருந்தே ஜோடியாக வேலை செய்து பழகியவை. ஹெட்செட்டில் அதே தூரத்தில் ஒரு பூவைக் காட்டினால் இரண்டு பார்வைக்கும் நடுவே அதே 12 டிகிரி கோணம் வரும். ஆனால் ஒளி வருவது கருவியின் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் திரையிலிருந்து. அதன் குவியத் தூரம் மாறாதது, பெரும்பாலும் ஒன்றரை இரண்டு மீட்டர் அளவில் வைத்திருப்பார்கள். விழி கிட்டே என்கிறது, கண் லென்ஸ் எட்டே நிற்க வேண்டியிருக்கிறது. பழகிய ஜோடியைப் பலவந்தமாகப் பிரித்து அரை மணி வேலை வாங்கினால் நெற்றிப்பொட்டில் வலி வருகிறது. பெர்க்லியில் மார்ட்டின் பேங்க்ஸும் சக ஆய்வாளர்களும் 2008இலேயே இந்த முரண்பாட்டை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அதுவே கண் சோர்வை உண்டாக்குகிறது என்று சோதனையில் காட்டிவிட்டார்கள்.

இதனால் ஒரு விசித்திரமும் நடக்கிறது. நாற்பது வயதுக்கு மேல் கண் லென்ஸ் இறுகிக் குவியும் திறன் குறைகிறது. கண்புரை அறுவையில் வைக்கும் சாதாரணச் செயற்கை லென்ஸ் குவிவதே இல்லை. பிரிக்க ஜோடியே இல்லாததால் இவர்களை இந்த ஒரு சிக்கல் பெரும்பாலும் தொடாது. பாளையங்கோட்டை வீட்டில், புரை எடுத்துக்கொண்ட ஆச்சி கட்டிலில் சாய்ந்தபடி கடலடிக் காட்சியைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். பேரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காசு கொடுத்து வாங்கிய இளைஞர்களின் கண்தான் அந்தக் கருவிக்குப் பொருந்தாத கண்.

தீர்வுக்கான வழி தெரியாமல் இல்லை. ஓகுலஸை 2014இல் 200 கோடி டாலருக்கு வாங்கிய ஃபேஸ்புக், 2018 மே மாதம் 'ஹாஃப் டோம்' என்ற மாதிரியைக் காட்டியது. நாம் எதைப் பார்க்கிறோம் என்று சிறு கேமராக்கள் விழியைக் கவனிக்கும். அதற்குத் தக்கபடி உள்ளேயிருக்கும் திரை முன்னும் பின்னும் நகர்ந்து குவியத் தூரத்தை மாற்றும். விழி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவ ஆகும் நேரம் நொடியில் ஒரு சிறு பின்னம். ஒவ்வொரு தாவலுக்கும் விழியைத் தவறில்லாமல் கண்டுபிடித்து, திரையைச் சத்தமின்றி நகர்த்தி, நகர்ந்ததால் மாறும் படத்தின் அளவையும் திருத்தியாக வேண்டும். கண் லென்ஸ் புதிய தூரத்துக்குக் குவியக் கால் நொடிக்கு மேலேயே எடுத்துக்கொள்கிறது. இயந்திரம் அந்த அவகாசத்துக்குள் முடித்தால் போதும். ஆய்வுக்கூட மேசையில் அது முடிகிறது. ஆண்டுக்கணக்கில் வியர்வையும் தூசியும் படும் ஒரு கருவிக்குள், கழுத்து தாங்கும் எடையில், அது இன்னும் முடியவில்லை.